குற்றாலம் சீசன்: எந்தக் கடைக்குத் திரும்பப் போவீர்கள், எங்கே போக மாட்டீர்கள்?

சாரல்வாணி (இழையைத் தொடங்கியவர்)

குற்றாலத்துக்கு வந்துவிட்டு அருவியைக் குறை சொன்னவரை நான் பார்த்ததில்லை. தண்ணீர் குறைவாக இருந்தால்கூட "அடுத்த தடவை பார்த்துக்கொள்வோம்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். குறை எல்லாம் அருவிக்கு வெளியேதான். லாட்ஜ், பார்க்கிங், ஆட்டோ, ஓட்டல், மசாஜ், பழக்கடை. எங்கள் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் தென்காசி. சென்னையிலிருந்து எந்த உறவினர் வந்தாலும் முதலில் எங்களிடம்தான் கேட்பார்கள், திரும்பிப் போனதும் புலம்புவதும் எங்களிடம்தான். அதனால் இதை எல்லாரும் சேர்ந்து ஓர் இடத்தில் எழுதி வைப்போம் என்று ஆரம்பிக்கிறேன்.

ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். நல்லது நடந்த கடைக்குப் பெயர் சொல்லுங்கள். கெட்டது நடந்த கடைக்குப் பெயர் வேண்டாம். என்ன நடந்தது, எப்படித் தவிர்க்கலாம் என்று மட்டும் எழுதினால் போதும். ஒரு நாள் கோபத்தில் எழுதும் பெயர் பத்து வருஷத்துக்கு இணையத்தில் கிடக்கும்.

என் அனுபவத்தையே முதலில் சொல்கிறேன். போன சீசனில் என் நாத்தனார் குடும்பத்துக்காக மெயின் அருவிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு லாட்ஜில் போனில் பேசி அறை சொல்லி வைத்தோம். வாடகையைத் தெளிவாகச் சொன்னார்கள், முன்பணமும் ஜிபேயில் போட்டாயிற்று. சனிக்கிழமை காலையில் போய் இறங்கினால், "அது வாரநாள் ரேட்டும்மா, இன்றைக்குக் கூட்டம், ஒன்றரை மடங்கு" என்கிறார் ரிசப்ஷனில் இருந்தவர். கையில் ஈரத்துணிப் பையும் தூங்குகிற குழந்தையுமாக நிற்கும்போது யார் வாதாடுவார்? கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

வாடகை அதிகம் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. சீசனில் கூடத்தான் இருக்கும். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இஷ்டம் இருந்தால் வந்திருப்போம், இல்லையென்றால் தென்காசியில் தங்கிவிட்டு பஸ்ஸில் வந்திருப்போம். ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. சொல்லாமல் விட்டு, வேறு வழியில்லாத நேரத்தில் சொல்வதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கு நேர் எதிரான கடையும் இருக்கிறது. மேலகரம் பக்கம் ஒரு சின்ன இட்லிக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு வெள்ளைப் பலகையில் இட்லி, தோசை, ஆப்பம், வடை, காபி என்று எல்லாவற்றுக்கும் எதிரே விலை எழுதி, அடியில் "பார்சலுக்குத் தனிக் காசு இல்லை" என்று ஒரு வரி. தீர்ந்துபோன அயிட்டத்தை அந்த அம்மாள் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். உட்கார்ந்த பிறகு "அது இல்லை, இது இல்லை" என்கிற பேச்சே இல்லை. தேங்காய்ச் சட்னி கெட்டியாக, பச்சை மிளகாய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தென்காசிக்கு எப்போது வந்தாலும் ஒரு காலை எங்களுக்கு அங்கேதான்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

---

அம்பை ராசா

நல்ல இழை அக்கா. நான் பரோட்டாவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் குற்றாலம் வருகிற பாதிப் பேர் அருவிக்கு ஒரு கண், பார்டர் கடைக்கு ஒரு கண் என்றுதான் வருகிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். வெளியூர்க்காரர்கள் "பார்டர்" என்றதும் கேரள எல்லையைத் தேடி புளியரை வரைக்கும் காரை ஓட்டுகிறார்கள். பார்டர் இருப்பது பிரானூரில், தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற வழியில். செங்கோட்டை அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் நம் பக்கம் வந்தது. அதுவரை எல்லை பிரானூர்தான். எல்லை தள்ளிப் போய் இத்தனை வருஷமாகியும் ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அங்கே இருக்கிற ரஹ்மத் கடையில் நான் சின்னப் பையனாக அப்பாவோடு போனதிலிருந்து சாப்பிடுகிறேன். பரோட்டா உள்ளங்கை அளவுதான், மெத்தென்று இருக்கும். இலையில் போட்டுப் பிய்த்துவிட்டு, மேலே சால்னாவை ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் ருசி தெரியாது. கூட ஒரு நாட்டுக்கோழி. கூட்டம் அள்ளும், ஞாயிறு மத்தியானம் போய்விட்டு இடம் கிடைக்கவில்லை என்று அழக்கூடாது. சாயந்தரம் கொஞ்சம் முன்னதாகப் போங்கள்.

என் பிரச்சினை வேறு இடத்தில். "பார்டர்" என்ற பெயரோடு இப்போது மதுரை, சென்னை வரைக்கும் எத்தனையோ பலகைகள். குற்றாலத்துக்குள்ளேயே அப்படி ஒரு கடையில் நண்பர்களோடு உட்கார்ந்தோம். மெனு கார்டு கேட்டால் "எல்லாம் இருக்கு அண்ணே, என்ன வேணும் சொல்லுங்க" என்றார் தம்பி. காடை, கோழி, முட்டை என்று அவரே அடுக்கிக்கொண்டு வந்து வைத்தார். நாங்கள் கேட்காத தட்டும் வந்தது. பில்லில் எது எவ்வளவு என்று பிரித்து எழுதவே இல்லை, அடியில் ஒரே ஒரு தொகை. பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டதும்தான் உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்த இரண்டாவது பில் முதல் தொகையைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது!

இதில் நான் கற்றது ஒன்றுதான். மெனு கார்டு இல்லாத கடையில் ஒவ்வொரு தட்டு வைக்கும்போதும் "இது எவ்வளவு தம்பி?" என்று கேட்டுவிடுகிறேன். கூட வந்தவர்கள் கௌரவக் குறைச்சலாக நினைத்தாலும் பரவாயில்லை.

---

வேளச்சேரி கார்த்திக்

நாங்கள் ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து செங்கோட்டைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தங்கினோம். அறை சுத்தம், வேலை செய்பவர்கள் தங்கமானவர்கள். விளம்பரத்தில் "எங்கள் வளாகத்திலேயே தனி அருவி" என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் சிமென்ட் சுவர் மேல் குழாய் வழியாகத் தண்ணீரைக் கொட்டவிட்டு, பக்கத்தில் பாறை மாதிரி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஓடையிலிருந்து திருப்பிய தண்ணீர் என்று அங்கே வேலை செய்கிற ஒருவரே சொன்னார். இப்படி மலைத் தண்ணீரை மறித்து உண்டாக்கும் செயற்கை அருவிகள் விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போனது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. கீழே இருக்கிற வயலுக்கும் குளத்துக்கும் போக வேண்டிய தண்ணீரில் நான் குளித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. "தனி அருவி" என்று யார் விளம்பரம் போட்டாலும் இனி நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

இன்னொன்று. அந்த ரிசார்ட் ரெஸ்டாரன்ட் பில்லில் ஜி.எஸ்.டி. போக, "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாகப் பத்து சதவீதம். இதைக் கட்டித்தான் ஆக வேண்டுமா? அன்றைக்குக் கட்டிவிட்டோம்.

---

முத்திரைத் தராசு

கார்த்திக் தம்பி, கட்ட வேண்டியதில்லை. சர்வீஸ் சார்ஜ் அரசாங்கம் போடுகிற வரி இல்லை, ஓட்டல்காரர் தானாகச் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது, கட்டச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லியது. "இதை எடுத்துவிட்டு பில் போடுங்கள்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் 1915-க்குப் போன் செய்யலாம், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது.

நான் எடையளவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்குத் தெரிந்த இன்னும் சிலவற்றையும் எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் பாட்டில். சீசனில் எம்.ஆர்.பி.க்கு மேல் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வைத்து விற்கிறார்கள். கேட்டால் "கூலிங் சார்ஜ்" என்பார்கள். பெட்டிக்கடையில் வாங்கிக்கொண்டு போகிற பாட்டிலுக்கு அப்படி எதுவும் கிடையாது. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தப்பு. ஆனால் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது மேசைக்குக் கொண்டுவந்து கொடுக்கிற பாட்டில் வேறு. அங்கே இடம், பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த சேவை என்பதால் எம்.ஆர்.பி. கட்டுப்பாடு பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஓட்டலில் போய்க் கத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், பெட்டிக்கடையில் வாய் திறக்காமல் கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தராசு. பழம், சிப்ஸ், அல்வா எது வாங்கினாலும் முதலில் மின்னணுத் தராசின் எண்ணைப் பாருங்கள். தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்ட வேண்டும். கூடையோடு எடை போட்டால் கூடையைக் கழித்தாரா என்று கேளுங்கள். மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும், அந்தச் சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். வாங்குகிறவர்களில் அதை ஏறிட்டுப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. நேர்மையான கடைக்காரர் அதை நாம் பார்த்தால் சந்தோஷப்படுவார், இது என் சர்வீஸில் நான் கண்டது.

---

மேலகரத்தான்

வணக்கம். நான் இந்தப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிற குடும்பம். பெரிய கட்டடம் இல்லை, கொஞ்சம் அறைகள்தான். எங்கள் பக்கத்தையும் ஒருவர் எழுத வேண்டும் அல்லவா?

சாரல்வாணி அக்காவுக்கு நடந்தது தப்பு. போனில் ஒரு ரேட் சொல்லி முன்பணம் வாங்கியாகிவிட்டால் அதுதான் ரேட். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் சீசன் ரேட் ஏன் அவ்வளவு ஏறுகிறது என்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வருமானம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அப்புறம் ஐயப்ப பக்தர்கள் வருகிற கார்த்திகை, மார்கழி. மற்ற மாதங்களில் அறைகள் பூட்டித்தான் கிடக்கும். ஆனால் மின்சாரம், சொத்து வரி, வேலையாட்கள் சம்பளம், பெயின்ட் எல்லாம் பன்னிரண்டு மாதமும் உண்டு. சாரல் காற்றில் சுவர் எல்லாம் பாசி பிடிக்கும், மெத்தை பூஞ்சை பிடிக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். அருவிப் பக்கம் நிறையக் கடைகள் ஏலத்தில் எடுப்பவை. பெரிய தொகை கட்டி எடுத்துவிட்டு, மழை பொய்த்தால் தலையில் துண்டுதான்.

அப்புறம் தடை. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்து போனான். எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை போட்டார்கள். போடத்தான் வேண்டும், உயிர்தான் முக்கியம். ஆனால் அன்றைக்கே எங்களுக்கு வரிசையாகப் போன்: "அறை வேண்டாம், பணத்தைத் திருப்பிப் போடுங்கள்." நாங்கள் திருப்பிப் போட்டோம். அதற்காக வாங்கி வைத்த காய்கறி, பால், கூடுதல் ஆளின் கூலி எல்லாம் எங்கள் தலையில். சீசனுக்குள் பேரருவியில், அதாவது மெயின் அருவியில், தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தாலே தடைதான். இப்படி எத்தனை நாள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வரி விஷயம் கேட்பவர்களுக்கு: நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு முன் 12. பழைய கணக்கிலேயே யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

---

சாரல்வாணி

மேலகரத்தான் அண்ணாச்சி, இதைத் திறந்த மனதோடு எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன கணக்கை நான் ஏற்கிறேன். வருடத்துக்கான சம்பாத்தியத்தை மூன்று மாதத்தில் பார்த்தாக வேண்டும் என்றால் ரேட் ஏறத்தான் செய்யும். அதையே வாசலில் எழுதிப் போட்டால் என்ன? "வாரநாள் இவ்வளவு, சனி ஞாயிறு இவ்வளவு, தடை போட்டால் முன்பணம் திரும்ப வரும்." இந்த மூன்று வரி இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு புக் செய்வேன். வருகிறவர்களுக்கும் உங்கள் கஷ்டம் புரியும். இப்போது எல்லாம் மூடுமந்திரமாக இருப்பதால்தான் நேர்மையான லாட்ஜும் ஏமாற்றுகிற லாட்ஜும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரிகிறது.

---

பாளை பழனி

பழக்கடைக்கு வருகிறேன். சீசனில் சாலை ஓரம் முழுக்க மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், முட்டைப்பழம் என்று கூடை கூடையாக இருக்கும். கேரளாவிலிருந்து வருவதும் நிறைய. குறை ஒன்றும் இல்லை, பழம் நன்றாக இருந்தால் போதும்.

மங்குஸ்தான் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். விரலால் அழுத்தினால் தோல் லேசாக உள்ளே போக வேண்டும். கல் மாதிரி இருந்தால் காய்ந்த பழம், கத்தி வைத்தாலும் பிளக்காது, உள்ளே பழுப்பாகியிருக்கும். காம்பு இதழ் பச்சையாக இருந்தால் புதிது. பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு தடம் இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமாக இருக்கிற பழத்தைப் பொறுக்குங்கள், சுளை சின்னதாக இருக்கும், கொட்டையும் குறைவாக இருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஐந்தருவிச் சாலையில் கடை போட்டிருக்கிற ஒரு பாட்டிதான். "பொறுக்கி எடுத்துக்கோ ராசா, ஏமாந்துட்டுப் போனா அடுத்த வருஷம் வரமாட்டே" என்று சொன்னார். நான் ஏன் வேறு கடைக்குப் போகப் போகிறேன்?

தேன்தான் பெரிய ஏமாற்று. பழைய பிராந்தி பாட்டிலில் கறுப்பாக எதையோ ஊற்றி, மேலே ஒரு தேனடைத் துண்டை மிதக்கவிட்டு "மலைத்தேன் சார், காணிக்காரர் எடுத்தது" என்பார்கள். எறும்பு வராது, தண்ணீரில் கரையாது, துணியில் ஊறாது என்று சோதனை வேறு செய்து காட்டுவார்கள். அந்தச் சோதனைகளை நம்ப வேண்டாம். அரிசிப் பாகு மாதிரி கலப்படத்தை வீட்டுச் சோதனையால் கண்டுபிடிக்கவே முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். லேபிளும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லாத தேனைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். முடி வளரும் எண்ணெய் என்று விற்கிற பாட்டிலுக்கும் இதே கதைதான்.

---

இலஞ்சிக்காரன்

எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு மாற்றுக் கருத்து சொல்லியே ஆக வேண்டும்.

ரிசார்ட்டில் சர்வீஸ் சார்ஜ் போட்டால் வாய் திறக்காமல் கார்டைத் தேய்க்கிறோம். அருவி வாசலில் பஜ்ஜி விற்கிற அக்காவிடம், கொய்யா விற்கிற கிழவியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். எனக்கு இது ஆறவே இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்களைப் பாருங்கள். பெரிய உடம்பை எல்லாம் அரை மணி நேரம் பிசைந்து தேய்த்துவிட்டு நிற்கும்போது "அதிகமாகக் கேட்கிறாயே" என்று பாதியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவர்களிடமும் தப்பு உண்டு. "தலைக்கு மட்டும்" என்று ஆரம்பித்து, கேட்காமலே முதுகு, கால் என்று போய், கடைசியில் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு சொல்வார்கள். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்துதான்: பலகையில் உட்காருவதற்கு முன்னாடியே "தலை, உடம்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். சொன்னதை முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

கூடவே ஒரு வேண்டுகோள். எண்ணெய் தேய்த்த உடம்போடு நேரே அருவிக்குள் போகாதீர்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டு வருஷக்கணக்காகிறது. ஷாம்பு பாக்கெட்டுகள் பாறை இடுக்கில் கிடக்கும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே சிற்றாறாக ஓடி எங்கள் வயலுக்கு வருகிறது.

---

அம்பை ராசா

இலஞ்சி அண்ணே, பேரம் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பஜ்ஜிக் கடையிலும் எண்ணெயைப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பேன். ஏழைக் கடை என்பதற்காகக் குழந்தை வயிற்றைக் கெடுத்துக்கொள்ள முடியாது இல்லையா?

---

சட்டி வாணலி

நான் கேட்டரிங் தொழிலில் இருப்பவன், அதனால் எண்ணெய்க்கு நான் பதில் சொல்கிறேன். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெட்ட சேர்மங்கள் கூடிக்கொண்டே போகும். 2018 ஜூலையிலிருந்து அதற்கு வரம்பு இருக்கிறது, அந்தச் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. அதை அளக்கக் கருவி உண்டு, ஆனால் நீங்கள் கருவியோடா குற்றாலம் போவீர்கள்? கண்ணாலேயே பாருங்கள். பஜ்ஜி போட்டதும் எண்ணெயில் பெரிய குமிழி வந்து உடனே அடங்கினால் நல்லது. சோப்புத் தண்ணீர் மாதிரி பொடி நுரை பொங்கி அடங்காமல் நின்றால் அது பழைய எண்ணெய். சட்டியின் அடி தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தாலும், சூடு ஏறுவதற்கு முன்பே புகைந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் "வாழை இலைத் துண்டில் கொடுங்க அக்கா" என்று கேளுங்கள். அச்சு மை சூட்டில் பஜ்ஜியில் ஒட்டும், உடம்புக்கு ஆகாது. இலை நம் பக்கம் என்ன பஞ்சமா? நான் கேட்டால் பெரும்பாலும் இலை தருகிறார்கள், கேட்காதவருக்குத்தான் காகிதம்.

குளித்து முடித்து நடுங்கிக்கொண்டே வந்து, சாரலில் நின்று சாப்பிடுகிற அந்த மிளகாய் பஜ்ஜிக்கும் சுக்குக் காபிக்கும் ஈடு எந்த ஸ்டார் ஓட்டலிலும் கிடையாது. இதைத் தொழில்காரனாகவே சொல்கிறேன்.

---

கொல்லம் மெயில்

எல்லாருக்கும் வணக்கம். எழும்பூரிலிருந்து ஜூலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி, ஆனால் அருவியில் ஒரு முறையாவது நிற்க வேண்டும் என்று ஆசை. எந்த அருவி சரிவரும்? குழந்தைகளுக்குத் தண்ணீரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சைவச் சாப்பாடு வேண்டும்.

---

இலஞ்சிக்காரன்

தம்பி, ரயிலைப் பொறுத்தவரை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் தென்காசியில் இறங்கிவிடலாம். உங்கள் பெயரில் இருக்கிற ரயிலும் தென்காசி வழியாகத்தான் போகிறது. சீசன் வார இறுதிக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள்.

குழந்தைகளுக்கு ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளத்தில் படகு இருக்கிறது. குளத்தில் தண்ணீர் நிறைந்த சீசன் மாதங்களில்தான் ஓடும், டிக்கெட் விலை எழுதிப் போட்டிருக்கும், அதனால் வாக்குவாதமே இல்லை. ஐந்தருவிக்கு மேலே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா உண்டு, குழந்தைகள் ஓடியாட நல்ல இடம், ஆனால் ஏற்றம், அம்மாவுக்கு வேண்டாம். அம்மாவைச் சித்திர சபைக்குக் கூட்டிப் போங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவர் முழுக்க மூலிகைச் சாயத்தில் வரைந்த ஓவியங்கள். அருவிக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். தென்காசிக் கோயில் கோபுர வாசலில் எப்போதும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், அங்கேயும் அம்மாவைக் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

---

வேளச்சேரி கார்த்திக்

முத்திரைத் தராசு சார், நன்றி. அந்த ரிசார்ட்டுக்கு இன்றைக்கு மெயில் போட்டிருக்கிறேன், பில் போட்டோவையும் இணைத்து. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். தொகை பெரிதில்லை, அடுத்து வருகிறவரிடம் கேட்காமல் இருந்தால் போதும்.

---

மேலகரத்தான்

சாரல்வாணி அக்கா, நீங்கள் சொன்ன பலகையைப் பற்றி வீட்டில் பேசினேன். அப்பா முதலில் "சீசன் ரேட்டை எழுதிப் போட்டால் பக்கத்து லாட்ஜ்காரன் நூறு ரூபாய் குறைத்துப் போடுவான்" என்றார். நியாயமான பயம்தான். தம்பி சொன்னான், "போடட்டும், போனில் ஒன்று நேரில் ஒன்று என்று நம்மை யாரும் எழுத மாட்டார்கள்." இந்த ஜூனுக்கு வாரநாள், வார இறுதி இரண்டையும் எழுதி வாசலில் மாட்டப் போகிறோம். தடை நாள் முன்பணம் பற்றியும் ஒரு வரி இருக்கும்: முழுசாகத் திருப்பித் தருவோம், அல்லது அதே சீசனில் வேறு தேதிக்கு மாற்றித் தருவோம், எது வேண்டுமோ வாடிக்கையாளர் விருப்பம்.

---

சாரல்வாணி

அண்ணாச்சி, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பலகை மாட்டியதும் சொல்லுங்கள், முதல் போன் எங்கள் வீட்டிலிருந்துதான் வரும்.

கொல்லம் மெயில், உங்கள் அம்மா விஷயத்துக்கு என் மாமியாரை வைத்துச் சொல்கிறேன், அவருக்கும் முட்டி வலி. பேரருவிதான் சரி. பெண்கள் பக்கம் தனியாக இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, வண்டி நிற்கிற இடத்திலிருந்து நடையும் குறைவு. மேலே பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து வேகம் அடங்கித்தான் தண்ணீர் கீழே வருகிறது, இருந்தாலும் நடு அருவியில் நிற்க வேண்டாம், ஓரத்தில் சிதறி விழுகிற இடமே முதியவர்களுக்குப் போதும். பாறை வழுக்கும், கூட ஒரு பெண் துணை கட்டாயம் வேண்டும். பழைய குற்றாலம் படிகள் அதிகம், வேண்டாம். கூட்டம் குறைந்த நேரம் என்றால் வாரநாள், விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னால். குளிர் எடுக்கும், உலர்ந்த துண்டையும் ஸ்வெட்டரையும் கையிலேயே வைத்திருங்கள், அறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

சைவத்துக்கு நான் மேலே எழுதிய இட்லிக்கடைக்கே வாருங்கள். மேலகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வெள்ளைப் பலகை எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். எட்டரைக்குள் வந்துவிடுங்கள், அதற்குமேல் ஆப்பம் இருக்காது.